நூலகத்துக்கு வர இயலாதவர்களுக்கும் வர நேரமில்லாதவர்களுக்கும் எதிலிருந்து தொடங்குவது?

ஏடுதேடி கேட்டது:

எங்கள் பொது நூலகத்தின் வாசகர் வட்டத்தில் நான் ஓர் உறுப்பினன். நூலகத்துக்கு வரும் பெரியவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போவதைப் பற்றி அண்மையில் பேசியபோது, வராதவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தோம். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள், சக்கர நாற்காலியில் நடமாடுபவர்கள், பக்கவாதத்துக்குப் பிறகு புத்தகத்தைக் கையில் பிடிக்க இயலாதவர்கள் ஒருபுறம் இருந்தார்கள். நூலகம் மூடும் நேரத்துக்குத்தான் வேலையிலிருந்து வெளியே வருபவர்கள், படுக்கையில் இருக்கும் பெற்றோரை விட்டு அரை மணி நேரம்கூட நகர முடியாதவர்கள் மறுபுறம் இருந்தார்கள். இரு தரப்பினருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எதைச் செய்வது என்பதில்தான் கூட்டம் இரண்டு மணி நேரம் நீண்டது.

இருக்கும் சிறு தொகை முழுவதையும் கொண்டு, அச்சுப் பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டும் கருவி ஒன்றை வாங்கிவிடலாம் என்கிறார் ஒருவர். செயலி ஒன்று உருவாக்கினால் எல்லாருடைய சிக்கலும் தீர்ந்துவிடும் என்கிறார் இன்னொருவர். நூலகரோ, சாய்தளம் கட்டிப் பல ஆண்டுகள் ஆகியும் அதில் ஒருவர்கூட ஏறி வரவில்லை என்று சொல்லித் தயங்குகிறார்.

என் ஐயங்கள் மூன்று. முதலில் செய்ய வேண்டியது எது? வீட்டுக்கே நூல் கொண்டு சேர்க்கும் சேவையை நடைமுறையில் எப்படி நடத்துகிறார்கள்? மாற்றுத்திறனாளிகளையும் நேரமில்லாதவர்களையும் ஒரே திட்டத்துக்குள் வைப்பது சரியா, அல்லது அது ஒரு தரப்பினருக்கு அநீதியாக முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் அடுத்த கூட்டத்தில் எடுத்து வைப்பேன்.

பழைய நூலகர் எழுதியது:

நூலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். கருவியைக் கடைசியில் வாங்குங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. நான் பணியாற்றிய ஓரிடத்தில் அப்படி ஒரு கருவி வந்து இறங்கியது, திறப்பு விழாவும் நடந்தது. அதன் பிறகு அதன் மேல் போர்த்திய துணியைத் தூசி தட்டுவதற்காக மட்டுமே எடுத்தோம். கருவியில் குறை ஏதும் இல்லை. அது இருக்கும் செய்தி தேவைப்பட்டவர்களை எட்டவில்லை, எட்டியவர்களாலும் எங்கள் கட்டடம் வரை வந்து சேர முடியவில்லை.

ஒரு வாசகர் நூலைப் பற்றி அறிவது, உறுப்பினர் ஆவது, நூலைப் பெறுவது, அதைப் படிப்பது, திருப்பித் தருவது என்று ஒரு நீண்ட பாதை இருக்கிறது. இதில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் மற்ற இடங்களில் செய்த செலவெல்லாம் வீண். ஆகவே வாசகர் வட்டத்தினர் யாராவது ஒருவர், தன்னால் வீட்டை விட்டு வெளியே வர முடியாது என்று வைத்துக்கொண்டு, அந்தப் பாதை முழுவதையும் தொலைபேசி வழியாகவே கடக்க முயன்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவது அடியிலேயே, அதாவது உறுப்பினர் ஆவதற்கே, நேரில் வந்து கையொப்பமிட வேண்டும் என்ற விதி குறுக்கே நிற்கும். அந்த விதியைத் திருத்தக் காசு செலவில்லை. வாசகரின் சார்பாக மற்றொருவர் விண்ணப்பிக்கவும், அவருடைய அட்டையில் நூல் எடுத்துச் செல்லவும் அனுமதி அளிப்பதே நான் முதலில் செய்யச் சொல்வது. கை நடுங்கும் முதியவருக்கும், அலுவலகத்திலிருந்து நகர முடியாதவருக்கும் அது ஒரே நாளில் பயன் தரும்.

நூலக அறிவியலின் ஐந்து விதிகளை எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்டார். அதில் நான்காவது விதி வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. இந்த விதியை அடுக்கில் நூலை விரைவாகத் தேடி எடுத்துக் கொடுப்பது என்ற அளவிலேயே நாங்கள் பல காலம் புரிந்துவைத்திருந்தோம். வாசகரின் நேரம் அவர் வீட்டு வாசலிலேயே செலவாகத் தொடங்கிவிடுகிறது என்பது எனக்குப் பிந்தித்தான் உறைத்தது.

வீட்டுக்கு நூல் கொண்டு சேர்க்கும் சேவையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு வண்டி தேவையில்லை. தொடக்கத்தில் பத்து வாசகர்களும், நம்பத்தகுந்த தன்னார்வலர்கள் மூன்று நான்கு பேரும், மாறாத ஒரு நாளும் போதும். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை என்று சொன்னால் அது இரண்டாம் சனிக்கிழமையாகவே இருக்க வேண்டும். ஏனெனில் கதவைத் திறக்க எழுந்து வருவதற்கே சிலருக்குப் பத்து நிமிடம் ஆகும், சிலர் அதற்காகத் துணைக்கு ஆள் ஏற்பாடு செய்து வைத்திருப்பார்கள். சேர்க்கும்போதே ஒரு நீண்ட உரையாடல் நடத்தி, அவர் எத்தகைய நூல்களை விரும்புகிறார், எவற்றை வெறுக்கிறார், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், கனமான நூலைக் கையில் தாங்க முடியுமா என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வெறுப்பவற்றைக் கேட்பது மிக முக்கியம். நோயுற்றவர் என்றாலே பக்தி நூலும் தன்னம்பிக்கை நூலும் பையில் போட்டு அனுப்பும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. துப்பறியும் கதை கேட்டவருக்குத் துப்பறியும் கதையைத்தான் கொடுக்க வேண்டும்.

முன்பே படித்த நூலை மறுபடி அனுப்பாமல் இருக்க, அவர் படித்தவற்றின் பட்டியலை வைத்திருக்க வேண்டியிருக்கும். ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவருடைய அந்தரங்கம். ஆகவே அவருடைய ஒப்புதலைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், விலகும்போது அழித்துவிடுங்கள். தன்னார்வலர் கையில் பெயரும் முகவரியும் மட்டும் இருந்தால் போதும், உடல்நிலை பற்றிய குறிப்பு அவருக்குத் தேவையில்லை.

நான்கு சக்கரம் எழுதியது:

சாய்தளத்தில் ஒருவரும் ஏறி வரவில்லை என்ற வரியைப் படித்ததும் சிரிப்புத்தான் வந்தது. நூலகர் தயவுசெய்து ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே செல்லட்டும். ஓர் அடி உயரம் ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதே பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. இடமில்லை என்று ஆறடியில் முடித்துவிட்ட சாய்தளங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் தனியாக ஏறினால் நாற்காலி பின்னோக்கிச் சாயும். இரு கைப்பிடியும் உண்டா, அடியில் இருசக்கர வண்டிகளை நிறுத்திவைத்திருக்கிறார்களா, மேலே ஏறியதும் கதவு வெளிப்பக்கமாகத் திறந்து நாற்காலியை இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உள்ளே அடுக்குகளுக்கு இடையில் மூன்றடி இடைவெளி இருந்தால் நான் நுழைந்துவிடுவேன். ஆனால் திரும்புவதற்கு ஐந்தடி வேண்டும், இல்லாவிட்டால் வந்த வழியே பின்னோக்கித்தான் வர வேண்டும். மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் எப்படியும் எட்டாது. எடுத்துத் தர ஆள் இருந்தால் எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் அவரைக் கூப்பிட நான் கூவ வேண்டியிருக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு நூல் அனுப்பும் சேவை தொடங்கிவிட்டது என்பதைச் சாக்காக வைத்துக் கட்டடத்தைச் சரிசெய்வதை ஒத்திப்போடாதீர்கள். நான் வெளியே வரவே விரும்புகிறேன். அடுக்குகளுக்கு நடுவே சும்மா உலாவி, தேடாத நூல் ஒன்று கண்ணில் படுவதற்காகத்தான் மனிதர்கள் நூலகத்துக்குப் போகிறார்கள்.

வெண்கோல் எழுதியது:

பார்வையற்ற வாசகன் என்ற முறையில் உங்கள் மூன்றாவது ஐயத்துக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன், ஏனெனில் அதில் ஒரு சட்டச் சிக்கலும் ஒளிந்திருக்கிறது.

அச்சு நூலைப் பார்வையற்றவர் படிக்கத்தக்க வடிவத்துக்கு மாற்றுவதற்குப் பதிப்புரிமை நெடுங்காலம் தடையாக இருந்தது. அதைத் தளர்த்துவதற்காக 2013 ஜூன் மாதம் மொரோக்கோவின் மராகேஷ் நகரில் ஓர் உடன்படிக்கை நிறைவேறியது, 2016 செப்டம்பர் 30 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதில் இணைந்த நாடுகள், உரிமையாளரின் தனி அனுமதி இல்லாமலே நூலை பிரெயிலாகவோ ஒலியாகவோ பெரிய எழுத்தாகவோ மாற்றி உரியவர்களுக்கு வழங்கத் தங்கள் சட்டத்தில் இடம் தர வேண்டும். அப்படி உருவான பிரதிகளை நாடுகளுக்கிடையே பரிமாறிக்கொள்ளவும் அது வழிசெய்கிறது. உரியவர்கள் என்றால் பார்வையற்றவர்கள் மட்டும் அல்லர். டிஸ்லெக்சியா போன்ற வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களும், உடல் இயலாமையால் புத்தகத்தைப் பிடிக்கவோ பக்கம் புரட்டவோ முடியாதவர்களும் அதில் அடங்குவர். ஆகவே உங்கள் பட்டியலில் உள்ள பக்கவாத நோயாளிக்கு அந்த உரிமை உண்டு. வேலைப்பளு மிக்க அலுவலருக்குக் கிடையாது. எங்களுக்காக இந்த விதிவிலக்கின் கீழ் உருவாக்கிய ஒலிநூலைப் பேருந்தில் கேட்டுக்கொண்டே போவதற்காக அவருக்கு நூலகம் இரவல் கொடுத்தால் அது பதிப்புரிமை மீறல். அவருக்கு உரிமம் பெற்று வெளியிட்ட ஒலிநூல்களைத்தான் கொடுக்க முடியும். பழைய நூலகர் ஐயா சொன்ன பாதை வரையில் இரு தரப்பினரையும் ஒன்றாக வைக்கலாம், நூலின் வடிவம் என்று வரும்போது பிரித்துத்தான் ஆக வேண்டும்.

வடிவங்களைப் பற்றியும் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனெனில் நல்ல மனத்துடன் செய்யப்படும் பிழைகள் இங்கேதான் அதிகம். நூல்களை வருடி (ஸ்கேன் செய்து) மின்னூலாக்கிவிட்டோம் என்று பெருமையோடு ஒரு பிடிஎஃப் கோப்பைத் தருவார்கள். அது பக்கத்தின் ஒளிப்படமாகவே இருப்பதால், திரையில் உள்ள எழுத்தை எனக்கு உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் அதில் ஓர் எழுத்தையும் காணாது. தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ரோமன் எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். ஆகவே திரைவாசிப்பான் ஒரு திருக்குறளைக்கூட வாயில் நுழையாத உளறலாகத்தான் படிக்கும். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யூனிகோடு முறைக்கு மாற்றிய பிறகே அது தமிழ் ஆகும். எழுத்துரு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, மாற்றியதை ஒருவர் சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான். எழுத்தாக உள்ள உரையை ஒழுங்கான தலைப்புகளோடு இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவில் கொடுத்தால், என் திறன்பேசியோ கணினியோ மற்றதைப் பார்த்துக்கொள்ளும். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் விலையின்றிக் கிடைக்கிறது, நூலகக் கணினி ஒன்றில் அதை நிறுவ ஒரு நாற்காலியும் ஒரு காதணிபேசியுமே கூடுதல் செலவு.

ஒலிநூலைப் பத்து மணி நேரத்துக்கு ஒரே கோப்பாகப் பதிவு செய்து தருபவர்களையும் நான் அறிவேன். ஐந்தாம் இயலில் தூங்கிப்போனால் மறுநாள் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் ஆர்வம் போய்விடும். 1990களில் டெய்சி என்ற வடிவம் உருவானதே, இயல் இயலாகவும் பக்கம் பக்கமாகவும் தாவவும் அடையாளம் வைக்கவும் வேண்டும் என்பதற்காகத்தான். பிரெயிலைப் பொறுத்தவரை, சிறுவயதிலேயே கற்றவர்களுக்கு அதற்கு மாற்று இல்லை. ஆனால் ஒரு நடுத்தர நாவலே பல தடித்த தொகுதிகளாகப் பெருத்துவிடும். முதுமையில் பார்வை இழந்தவர்களில் பலருக்கு விரல்நுனி வாசிப்பு எளிதில் வசப்படாது. அவர்களுக்கு ஒலிதான் கைகொடுக்கும். பார்வையற்றோருக்கான நூல்களைக் கட்டணமின்றி அனுப்பும் சலுகை பல நாட்டு அஞ்சல் துறைகளில் இருக்கிறது, உங்கள் அஞ்சலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

நூலகத்தின் இணையப் பட்டியலையும் ஒருமுறை சுட்டெலியைத் தொடாமல், விசைப்பலகையால் மட்டும் பயன்படுத்திப் பாருங்கள். டபிள்யூசிஏஜி எனப்படும் இணைய அணுகல் நெறிகளின் 2.2ஆம் பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு இருக்க வேண்டும் என்பது போன்ற சோதிக்கத்தக்க அளவுகள் அதில் உள்ளன. படத்தில் கோணலாக உள்ள எழுத்துகளைத் தட்டச்சு செய்து மனிதர் என்று நிரூபிக்கச் சொல்லும் பூட்டையும், ஐந்து நிமிடத்தில் தானாக வெளியேற்றும் வழக்கத்தையும் முதலில் நீக்கச் சொல்லுங்கள். பின்னது கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நூல் தேடும் தாயையும்தான் வெளியேற்றுகிறது.

இரவுப் பணி எழுதியது:

நேரமில்லாதவர்களின் தரப்பில் ஒருவனாக, வெண்கோல் அவர்கள் போட்ட கோட்டை நான் ஏற்றுக்கொள்கிறேன். எனக்கு வேண்டியது வசதி, அவருக்கு வேண்டியது உரிமை. இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் எண்ணிக்கையில் மிகுந்த எங்களைப் போன்றவர்களே முன்னே போய்விடுவோம்.

எங்களுக்குத் தேவையானவை மிகச் சில. வாரத்தில் ஒரே ஒரு நாளாவது நூலகம் இரவு வரை திறந்திருக்கட்டும். காலையில் வருபவர்கள் குறைவான ஒரு நாளில் தாமதமாகத் திறந்தால் பணியாளர்களின் வேலை நேரம் கூடாது. மூடிய பிறகும் நூலைப் போட்டுவிட்டுப் போக, மழை படாத ஒரு பெட்டி வாசலில் இருக்கட்டும். முன்பதிவு செய்த நூலைத் தேடி எடுத்து, அட்டை எண் எழுதி நுழைவாயிலுக்கு அருகிலேயே வைத்திருந்தால், நான் இரண்டே நிமிடத்தில் வாங்கிக்கொண்டு ஓடிவிடுவேன். இரண்டு நூல்களைப் பதினான்கு நாளுக்குத் தருவதைவிட ஆறு நூல்களை ஆறு வாரத்துக்குத் தருவது எனக்கு இரண்டு பயணங்களை மிச்சப்படுத்தும்.

டென்மார்க்கிலும் சுவீடனிலும் பணியாளர் இல்லாத நேரங்களில் உறுப்பினர் அட்டையால் கதவைத் திறந்து உள்ளே சென்று தாமே நூல் எடுத்துக்கொள்ளும் முறை இருக்கிறது. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்கு சக்கரம் அவர்கள் சொன்னதைப் படித்த பிறகு, மேல் அடுக்கிலிருந்து நூலை எடுத்துத் தர ஆளே இல்லாத நூலகம் யாருக்கு நூலகம் என்ற கேள்வி எனக்கே எழுகிறது.

ஏடுதேடி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அளவு நாடாவோடு சென்று பார்த்தேன். இரண்டடி உயரத்துக்குச் சாய்தளத்தின் நீளம் பதினொன்றரை அடிதான். நூலகரிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு பொறியாளருக்குக் கடிதம் எழுதுவதாகச் சொன்னார்.

சார்பாளர் அட்டைக்கும், நீண்ட இரவல் காலத்துக்கும், மாதம் ஒருமுறை வீட்டுச் சேவைக்கும் வட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் வீட்டுச் சேவை வாசகர்களுக்குத் தாமதக் கட்டணம் கிடையாது என்று நான் சொன்னதும், நூல்கள் தொலைந்துபோகும் என்ற அச்சம் பலமாக எழுந்தது. இதற்கு என்ன பதில் சொல்வது? மேலும், காது கேளாதவர்களைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை என்பதையும் கவனித்தேன்.

பழைய நூலகர் எழுதியது:

நூலை எடுத்துவர வேண்டியவர் நம் தன்னார்வலராக இருக்கும்போது தாமதத்துக்கு வாசகரிடம் கட்டணம் கேட்பது முறையாகாது என்பதே முதல் பதில். சிகாகோ பொது நூலகம் 2019இலும் நியூயார்க் பொது நூலகம் 2021இலும் தாமதக் கட்டணத்தை எல்லா வாசகர்களுக்குமே நீக்கிவிட்டன என்பதை இரண்டாவதாகச் சொல்லலாம். கட்டணம் கூடிக்கொண்டே போவதால்தான் பலர் நூலகத்தின் பக்கமே வராமல் நின்றுவிடுகிறார்கள், நூலும் அவர்களோடு நின்றுவிடுகிறது. தொலைந்த நூலுக்கு விலை பெறும் விதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவே போதிய காப்பு.

காது கேளாதவர்களை விட்டுவிட்டது என் பிழைதான். பிறவியிலேயே கேளாதவர்களில் பலருக்குச் சைகை மொழியே முதல் மொழி, எழுத்து மொழி இரண்டாவதாகக் கற்றது. எழுதிக் காட்டினால் போதும் என்று எண்ணுவது அதனால்தான் பாதித் தீர்வாக நின்றுவிடுகிறது. முகப்பில் ஒரு தாளும் பேனாவும் வைப்பதோடு, விதிகளைச் சிறிய, நேரான வாக்கியங்களில் எழுதி வையுங்கள். நூலகக் கூட்டங்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரை அழையுங்கள், திரையிடும் படங்களுக்கு எழுத்துரை இருக்கட்டும். தொலைபேசி வழியாக மட்டும் புதுப்பிக்கலாம் என்று விதி எழுதிவிடாதீர்கள், குறுஞ்செய்தியும் செல்லும் என்று சேர்த்து எழுதுங்கள்.

ஏடுதேடி எழுதியது:

வீட்டுச் சேவைக்கான அறிவிப்பை வடிவமைத்துவிட்டோம். எங்கள் குழுவில் ஒருவர் அழகாக வரைந்து தந்ததைக் கீழே படமாக இணைத்திருக்கிறேன். குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

வெண்கோல் எழுதியது:

என் திரைவாசிப்பான் இந்தப் பதிவின் கீழே "படம்" என்ற ஒரு சொல்லைப் படித்துவிட்டு நின்றுகொண்டது.

ஏடுதேடி எழுதியது:

மன்னிக்க வேண்டும், ஐயா. எழுத்தாகவே தருகிறேன்.

"நூலகத்துக்கு வர இயலாத பெரியவர்களுக்கு, ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை, விரும்பிய நூல்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படும். அச்சு நூல், பெரிய எழுத்து நூல், ஒலிநூல் என எந்த வடிவம் வேண்டும் என்பதைத் தெரிவிக்கலாம். ஆறு நூல்களை ஆறு வாரங்கள் வைத்துக்கொள்ளலாம். தாமதக் கட்டணம் இல்லை. சேர விரும்புவோர் வேலை நாட்களில் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணிக்குள் நூலகத்துக்கு நேரில் வந்து விண்ணப்பப் படிவம் பெற்றுக்கொள்ளவும்."

வெண்கோல் எழுதியது:

இப்போது முழுவதும் படிக்க முடிந்தது. கடைசி வாக்கியத்தை நீங்கள் ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள், நண்பரே.